பச்சை ஸ்வெட்டர்

பனி பெய்யும் அந்த அயல்நாட்டு ஊரின் காப்பகத்தில், தத்துக் குழந்தை வளர்மதியின் கைக்கு வந்ததுமே வீறிட்டது. அவள் கணவன் தணிகைவேல் கிலுகிலுப்பையை ஆட்டினான். வாங்கிப்போன பொம்மைகளையெல்லாம் காட்டினான். அழுகை நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து அதை வளர்த்த ஆயா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பழைய பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி வளர்மதிக்குப் போட்டுவிட்டாள், பொத்தான்களையும் அவளே மாட்டினாள். கஞ்சியும் அடுப்புப் புகையும் கலந்த வாடை. குழந்தை அதில் முகத்தைப் புதைத்து, விசும்பி விசும்பித் தூங்கிப்போனது. அந்தக் குளிரில் ஆயா வெறும் சட்டையோடு வாசல்வரை வந்து நின்றாள்.

சென்னையில் சித்திரை வெயில். வீட்டு வாசலில் நாத்தனார் கோமதி ஆரத்தித் தட்டோடு காத்திருந்தாள்.

“ஐயோ அண்ணி, இந்த வெக்கையில ஸ்வெட்டரா? வேர்த்து ஊத்துது பாருங்க. அதைக் கழட்டிட்டு நில்லுங்க, சுத்திடறேன்.”

வளர்மதி மேல்பொத்தானைத் தொட்டாள். குழந்தை தூக்கத்திலேயே கம்பளியை இறுகப் பிடித்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

“வேணாம் கோமதி. இவ இன்னும் அந்த ஆயாம்மா இடுப்புலதான் இருக்கா. அவங்களுக்கும் சேத்துச் சுத்து.”