பொடி எழுத்து

“இப்பவும் மங்கலாத்தாங்க தெரியுது” என்றாள் தையல்காரி, கண்ணாடியை மாட்டிய வேகத்தில்.

லென்ஸ் பொருத்துகிறவன் தன் நோட்டை எடுத்துப் புரட்டினான். இது நான்காவது வியாழக்கிழமை. முதல் நாள் அவள் நீட்டிய டாக்டர் சீட்டில் இருந்த அளவுக்குத்தான் லென்ஸை அச்சுப் பிசகாமல் தேய்த்திருந்தான். அப்படியும் சந்தேகம் வந்து, மூன்று முறை புதிதாகத் தேய்த்து, ஒவ்வொரு அளவையும் தேதி போட்டு நோட்டில் குறித்து வைத்திருந்தான். தப்பு எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

“என்னப்பா, அதே கண்ணாடியா?” உள்ளறையிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. “இன்னிக்கும் திரும்பிச்சுன்னா நீ லென்ஸ் தேய்ச்சது போதும். நாளையிலேருந்து தரையைத் தேய்!”

அவன் அவசரமாக இழுப்பறையைத் திறந்து அந்தத் தடித்த வேதப் புத்தகத்தை எடுத்தான். வாசித்துப் பார்க்கும் அட்டை கிழிந்த நாளிலிருந்து, முதலாளி வீட்டுப் பழைய புத்தகம்தான் அதற்குப் பதில். சாமி, சொர்க்கம் எதிலும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. அந்தப் புத்தகத்தில் அவன் மதித்த ஒரே விஷயம் அதன் பொடி எழுத்து.

“இதைப் படிங்க.”

அவள் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

“தடங்கலே இல்லையே! அப்புறம் எப்படி மங்கலா இருக்கும்?”

“நாலு வாரமா இதே பக்கத்தைத்தானே நீட்டுறீங்க? மனப்பாடமே ஆயிடுச்சு.”

நியாயம்தான். நாலைந்து தாளைச் சேர்த்துப் புரட்டி, கண்ணில் பட்ட பத்தியில் விரலை வைத்தான். கண்ணாடி அவள் மூக்கு நுனிக்கு வழுக்கி நின்றது. அதற்கு மேலாகப் பார்த்தபடியே அவள் வாசித்தாள்.

“‘நேசிப்பவர் ஒரு காரணத்தோடு வருவார், காரணம் தீர்ந்த பின்னும் வருவார். வாசலில் நிற்பவரிடம் ஏன் வந்தாய் என்று கேளாதே, உட்காரச் சொல்.’”

‘ஃபிரேம் தளர்வு’ என்று நோட்டில் எழுதப் போன பேனா பாதியில் நின்றது.

எழுதினது கடவுளோ மனுஷனோ, பக்கத்தில் நின்று பார்த்து எழுதியது போல இருந்தது. பத்து நிமிட வேலைக்கு ஒவ்வொரு முறையும் ‘அடுத்த வியாழன் வாங்க’ என்று சொன்னது யார்? வியாழக்கிழமை மட்டும் சட்டைக்கு இஸ்திரி போட்டது யார்?

“இன்னொரு தடவை படிங்க.”

“ஏன், இன்னும் என் கண்ணுமேல சந்தேகமா?”

“கண்ணுமேல இல்லீங்க.”

அவள் மறுபடி வாசித்தாள். இந்த முறை ‘காரணம்’ என்ற இடத்தில் குரல் லேசாகத் தடுக்கியது.

“என்னப்பா ஆச்சு? சரியாச்சா, இல்லையா?” என்றபடி முதலாளி செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

அவன் தன் முக்காலியைக் கைக்குட்டையால் துடைத்து அவள் பக்கம் தள்ளினான்.

“உட்காருங்க. முதலாளி வர்றதுக்குள்ள சொல்லிடுறேன். இது பத்து நிமிஷ வேலைங்க. உங்களை மறுபடி பாக்கணும்னுதான் வாரக்கணக்கா இழுத்தடிச்சேன். ஆனா லென்ஸ்ல என்ன கோளாறுன்னு மட்டும் சத்தியமா எனக்குப் புரியல. வேலையே போயிடும் போலிருக்கு.”

அவள் உட்கார்ந்தாள். முகம் சிவக்க, கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியை மூடிவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“லென்ஸ்ல ஒரு கோளாறும் இல்லீங்க. இன்னிக்கே குடுத்து அனுப்புங்க. எங்க அக்கா பாவம், கண்ணாடி இல்லாம ஒரு மாசமா உப்பா சர்க்கரையான்னு நக்கிப் பாத்துத்தான் சமைக்கிறா.”