பதில் வேண்டாத பெட்டி

மறுபடியும் அனுப்பினாள்.

'அனுப்பப்பட்டது' என்றது திரை.

அனுப்பியது அவளுக்கும் தெரியும். போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. அதைத் திரை சொல்லாது. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவளே அவள்தான்.

மலையின் இந்தப் பக்கம், செல்போன் கோபுரத்தடியில் வண்டி. வண்டிக்குள் அவள், மடிக்கணினி, டிரைவர் சகாயம்.

அந்தப் பக்கம், பனிமூட்டத்துக்குள், ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காடு. அங்கே கொழுந்து பறிக்கும் முப்பத்தேழு பெண்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் காலையில் அவள் கட்டிவிட்ட கறுப்புப் பெட்டி.

ஒற்றை யானை ஒன்று அங்கே இறங்குகிறது என்று வன வாட்சர் ஒயர்லெஸ்ஸில் சொல்லிப் பத்து நிமிடம் ஆகிறது.

திரையில் முப்பத்தேழு புள்ளிகள்.

எல்லாம் சாம்பல் நிறம். சாம்பல் என்றால் பெட்டி தூங்குகிறது.

தூங்கினாலும் காது மட்டும் திறந்திருக்கும். எச்சரிக்கை வந்தால் வாங்கிக்கொள்ளும். எழுந்து 'வாங்கிக்கொண்டேன்' என்று சொல்லாது. எழுந்து எழுந்து பதில் சொன்னால் பேட்டரி ஒரு நாள்கூட வராது. சொல்லாவிட்டால் பத்து நாள் வரும்.

இந்த யோசனைக்காக அலுவலகத்தில் அவளுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். பதில் சொல்லாமல் இருப்பதற்குக் கேடயம் என்றால் அதை முதலில் அவள் வீட்டுக்காரருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

மறுபடியும் அனுப்பினாள்.

"போச்சா மேடம்?" என்றார் சகாயம்.

"போயிருச்சு."

"போனது சரி. அங்க வந்துச்சா?"

இந்தக் கேள்வியை ஏழு மாதம் நடந்த கூட்டங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

காலையில் பெட்டியைக் கட்டும்போது மரியபுஷ்பம் கேட்டிருந்தாள். இருபத்தாறாம் நம்பர் பெட்டி. ஐம்பது வயதிருக்கும். இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றபடியே எல்லாரையும் சிரிக்க வைத்தவள்.

"இது நாம பேசினா கேக்குமா கண்ணு? இல்ல, எங்க சூப்பர்வைசராட்டம் அது மட்டுந்தான் பேசுமா?"

"பக்கத்துல பொத்தான் இருக்கு பாருங்க. அழுத்தினா நீங்களும் பேசலாம். ரொம்ப அவசரம்னா மட்டும்."

"அப்ப சூப்பர்வைசருக்குத்தான் பொத்தான் இல்ல."

பொத்தானை அழுத்தினால் பெட்டி விழிக்கும். சாம்பல் புள்ளி பச்சையாகும்.

ஒன்றும் பச்சையாகவில்லை.

யாரும் நகர்ந்ததாகவும் தெரியவில்லை. தெரியாது. தூங்கும் பெட்டி தான் இருக்கும் இடத்தைச் சொல்லாது. காலை எட்டேகாலுக்குக் கடைசியாக எங்கே விழித்திருந்ததோ, புள்ளி அங்கேயே நிற்கும். பெண்கள் ஓடித் தப்பித்து லைன் வீடுகளில் உட்கார்ந்திருக்கலாம். ஒன்பதாம் காட்டிலேயே குனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கலாம். திரைக்கு இரண்டும் ஒன்றுதான்.

எல்லாப் பெட்டிகளையும் எழுப்பிப் பதில் கேட்க ஒரு வழி இருந்தது. அதற்கு எல்லாவற்றையும் நிறுத்தி மாற்றி மறுபடி தொடங்க வேண்டும். பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் எச்சரிக்கை போகாது.

தெரிந்துகொள்ளலாம். அல்லது சொல்லிக்கொண்டிருக்கலாம்.

சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஹாரன் அடிக்கட்டா மேடம்?"

"மூணு கிலோமீட்டர், சகாயம். நடுவுல ஒரு பள்ளத்தாக்கு."

"தெரியும். சும்மா உக்கார முடியல."

அவளாலும் முடியவில்லை. இருபது விநாடிக்கு ஒருமுறை எச்சரிக்கை தானாகவே போகும்படி மாற்றி வைத்தாள். அதன்பின் விரலுக்கும் வேலை இல்லை. கடவுளே, ஒன்றே ஒன்று, ஒரே ஒரு புள்ளி பச்சையாகட்டும் என்றாள். கணினியைப் படித்தவள் கணினியைப் பார்த்து வேண்டிக்கொள்வதைச் சகாயம் பார்க்காததுபோல் வெளியே பார்த்தார்.

அனுப்பப்பட்டது.

அனுப்பப்பட்டது.

அனுப்பப்பட்டது.

இருபத்தாறு பச்சையானது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா! சொல்லுங்கக்கா!" என்று கத்தினாள்.

ஸ்பீக்கரில் மூச்சுதான் முதலில் வந்தது. பிறகு, மூச்சளவே ஆன குரல்.

"கண்ணு... கத்தாத. ஆனை இங்கதான் நிக்குது. செடிக்குள்ள படுத்துக் கெடக்கறோம், அம்புட்டுப் பேரும். இந்தப் பெட்டிய நிறுத்து தாயி. அது கத்தறப்பல்லாம் இந்தப் பக்கமே திரும்புது."

அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் எழுந்தது.

நாற்பது சத்தங்களைக் கேட்டுப் பார்த்து, காற்றிலும் மழையிலும் கேட்கும் என்று அவளே பொறுக்கியெடுத்த சத்தம். குறைக்கப் பெட்டியில் பொத்தான் கிடையாது. யாராவது குறைத்து வைத்துவிட்டால் என்ன செய்வது என்று அதையும் எடுக்கச் சொன்னவள் அவள்.

முப்பத்தேழு இடுப்புகளிலிருந்து ஒரே நேரத்தில்.

நிறுத்தினாள். விரல் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை நிறுத்தினாள்.

ஸ்பீக்கரில் சத்தம் அறுந்தது.

மூச்சு. இலைகள் உரசும் ஒலி. கனமாக ஏதோ ஒன்று, அவசரமே இல்லாமல், செடிகளை மிதித்துக்கொண்டு.

பத்து விநாடி பேச்சில்லாவிட்டால் பெட்டி தானாகத் தூங்கப் போய்விடும். பேட்டரிக்காக.

இருபத்தாறு சாம்பலானது.

கூப்பிட்டு 'என்ன ஆச்சு' என்று கேட்கலாம். கேட்டால் பெட்டி கத்தும்.

சகாயம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் உதட்டில் விரலை வைத்தாள். அவர் தலையாட்டினார். சாவியை மெதுவாகத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

மூன்று கிலோமீட்டர் தள்ளி, கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள், இருவரும் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டார்கள்.