மருமகளுக்கு ஒரு தொடுதிரை

"இதுக்குச் சேர்ற மாதிரி ஒரு தொடுதிரை வாங்கிட்டு வரச் சொன்னா மருமக" என்று பெரியவர் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

கடைக்காரர் அவசரமே படாமல் ஒரு திரையை எடுத்தார். "இதைச் செருகினதுமே படம் வந்துடும் ஐயா."

"உடனேவா? வேண்டாம்."

"அப்ப இது. சாஃப்ட்வேர் மட்டும் போடணும்."

"அவ கெட்டிக்காரி, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போட்டுடுவா. மூலையில கிடக்கே, அது?"

"அது வேற போர்டுக்கு. வயரே இதுல நுழையாது. தலைகீழா நின்னாலும் வேலை செய்யாது."

"கடைக்காரன் பேச்சை எப்படி நம்புறது? வீட்டுக்குப் போனதும் வேலை செஞ்சுட்டா?"

"சத்தியமா செய்யாது ஐயா."

"அப்ப அதைக் கட்டு."

கடைக்காரர் விழித்தார். பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"சமையலறை அலமாரிக்குப் பூட்டு செய்யுறாப்பா. திரையில நம்பரைத் தட்டினாத்தான் திறக்குமாம். எனக்குச் சர்க்கரை வியாதின்னு பிஸ்கட், சாக்லேட் எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டப் போறா. திரை சேரலைன்னா பூட்டு ஏது?"

அந்த நேரம் கடைக்காரரின் போன் அடித்தது. "சரிங்கம்மா" என்று வைத்துவிட்டு, திரைகளையெல்லாம் எடுத்துப் பெட்டிக்குள் போட்டார்.

"கட்டச் சொன்னா உள்ள வைக்கிறியே?"

"நீங்க கிளம்பலாம் ஐயா. இந்தப் போர்டு எரிஞ்சுபோன பழசு. உங்க மருமக சரியான திரையை நேத்தே வாங்கிட்டாங்க. வேலை முடியிற வரைக்கும் உங்களுக்குப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைக்கச் சொன்னாங்க. இப்பத்தான் பூட்டை மாட்டி முடிச்சாங்களாம்."