டிவியில் எரியும் சிவப்பு

வண்டி ஓட்டிப் பழக உரிமம் தரும் எல்.எல்.ஆர். தேர்வில் இப்போது ஆளுக்கு ஒரே கேள்விதான். எதில் நாம் தவறுவோமோ, அதை மட்டும்தான் திரை கேட்கும். எதிர்வீட்டு நர்ஸுக்கு ஹாரனைப் பற்றி வந்ததாம். அமுதவல்லி விதிப் புத்தகம் முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டுப் போனாள்.

அவளுக்கு வந்தது இது: 'சிவப்பு விளக்கு எரிகிறது. சாலையில் யாரும் இல்லை. பக்கத்தில் இருக்கும் கணவர் போகச் சொல்கிறார். போவீர்களா?'

'போகமாட்டேன்' என்பதைத் தொட்டாள்.

'பதில் சரி. ஆனால் நீங்கள் போய்விடுவீர்கள்' என்று காட்டிவிட்டுத் திரை அணைந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. இன்னொரு முறை தவறினால், ஊர் ஊராகக் கார் ஓட்டிப் போய் ரத்த மாதிரி எடுக்கும் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டாள். அணைத்து வைத்த டிவியில் எரியும் சின்னச் சிவப்புப் புள்ளிதான் சிக்னல். இடது நாற்காலியில் கணவன் ஈஸ்வரமூர்த்தி.

"ஆருமே இல்ல, போ."

"மாட்டனுங்க."

"பின்னாடி ஹாரன் அடிக்கறான் பாரு. போன்னா போ புள்ள!"

ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுபோல் அவள் வலது கால் தானாகத் தரையில் அழுந்தியது. குனிந்து அதை அதிசயமாகப் பார்த்தாள்.

"இது அந்தத் திரைக்கு எப்படிங்க தெரிஞ்சுது? மறுக்கா சொல்லுங்க."

சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது.

"போதும். எந்திரிச்சுப் போயி டீ வை."

எழப் பார்த்த காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவள் டிவியைப் பார்த்தாள்.

"இன்னும் சிவப்புதானுங்க."