கறுப்பு நாடா

எல்லை ஆற்றுப் பாலம் இடிந்து ரயில் கவிழ்ந்தது. இரு நாட்டு மீட்புக் குழுக்களும் ஆளுக்கொரு கரையில் நின்றன. அக்கரையில் நிலைமைக்கேற்ற நிறத்தில் நாடா கட்டி அனுப்பியவர்களை இக்கரையில் மறுபடி சோதிக்கக் கூடாது, நேரம் போகும் என்று பேசி வைத்திருந்தார்கள். கறுப்பு என்றால் இறந்தவர். மணிக்கட்டில் கறுப்பு நாடாவுடன் படகில் வந்த பதினொரு பேரை, மீன் ஏற்றும் குளிர்லாரியில் பிணவறைக்கு அனுப்பினாள் செவிலியர் அல்லி.

ஒரு மணி நேரம் கழித்து அக்கரை மருத்துவர் வயர்லெஸ்ஸில் வந்தார்.

"சிஸ்டர், கறுப்பு நாடாக்காரங்க முழிச்சாச்சா? மயக்க ஊசி போட்டிருக்கேன். எழுந்ததும் தண்ணி கேப்பாங்க."

"உங்க பக்கம் செத்தவங்களுக்கு என்ன நிறம், டாக்டர்?"

"வெள்ளை. ஏன்?"

அல்லி லாரி ஓட்டுநர் இசக்கியைக் கைபேசியில் அழைத்தாள். பின்னால் பாட்டு அலறியது.

"அண்ணே, வண்டிய நிறுத்திக் கதவைத் திறங்க."

"நானா? பொணம்னா எனக்கு ஆகாது தாயி."

"அவங்க சாகல."

பாட்டு நின்றது.

"அப்ப தட்டுனது அவங்கதானா? பயந்துபோய்த்தான் பாட்டை வச்சேன்."

"இப்பவும் தட்டுறாங்களா?"

எஞ்சின் அணைவது கேட்டது. இசக்கி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.