ஒரு முழம் மணல்

ஏரி வற்றிக்கொண்டே வந்ததால் அதைக் காப்பாற்ற ஒரு திட்டம் போட்டார்கள். திட்டக் குழுவுக்குக் கொக்கு தலைவர். தண்ணீர் கசியாமலிருக்க கரை முழுக்க சிமெண்டு பூசுவதென்று முடிவாயிற்று.

வயிற்றில் முட்டைகளோடு பெண் ஆமை வந்து நின்றது. "ஐயா, முட்டையிட எனக்கு ஒரு முழம் மணலாவது விடுங்களேன்."

"அது உன் வீட்டு விஷயம்மா. இது ஏரித் திட்டம்," என்றது கொக்கு.

ஆமை சிமெண்டு மேலேயே முட்டையிட்டது. அத்தனையும் வெயிலில் வெந்துபோயின.

மறு வருஷம் கணக்கெடுத்தபோது ஆமைக்குஞ்சு ஒன்றுகூட இல்லை. கொக்குக்குக் கோபம் வந்துவிட்டது.

"உங்க இனமே அழியுது, உனக்குப் பொறுப்பே இல்லையா? இந்த வருஷம் ரெண்டு மடங்கு முட்டை போடணும். திட்டத்திலேயே எழுதியாச்சு."

"எங்கே போட, ஐயா?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே. அது உன் வீட்டு விஷயம்."