ஐந்தாவது பதில்

குடியிருப்பின் ஆண்டுவிழா விநாடி வினாவில் தாட்சாயணியும் அவள் கணவன் குமரகுருவும் ஓர் அணி. கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். சிலந்தி பின்னுவது வலை. கிர் காட்டின் ராஜா சிங்கம். தேங்காய் நாரில் திரிப்பது கயிறு. பாலைவன நாடோடிக்கு வீடு கூடாரம்.

"கடைசிக் கேள்வி. இந்த நாலு பதிலும் சேர்ந்து எந்தப் பொழுதுபோக்கைச் சொல்லுது?" என்றார் நடத்துபவர்.

மேசைக்கடியில் குமரகுரு அவள் கையை அழுத்திப் பிடித்தான். "விட்டுடு தாட்சா. அம்மா முன்னாடியே உக்காந்திருக்காங்க."

காதலித்து மணந்தபோது, அவள் ரயில்வே ஊழியரின் மகள் என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தான். அவளும் இத்தனை வருடம் அதற்குத் தலையாட்டியிருந்தாள்.

தாட்சாயணி கையை விடுவித்துக்கொண்டு மணியை அடித்தாள். "சர்க்கஸ்."

"அட! எப்படி மேடம் உடனே பிடிச்சீங்க?"

"நான் பொறந்ததே அங்கதான். கல்யாணம் வரைக்கும் அந்தரத்துல ஊஞ்சல் ஆடினேன்."

அரங்கம் கைதட்டியது. மாமியார் தட்டவில்லை. எழுந்து மேடையருகே வந்து, புதிதாக ஒருத்தியைப் பார்ப்பதுபோல் மருமகளை அண்ணாந்து பார்த்தார்.

"எவ்வளவு உசரத்துலம்மா ஆடுவ?"

தாட்சாயணி மண்டபத்தின் கூரையை நோக்கிக் கையை உயர்த்தினாள்.

"இதைவிட உசரம் அத்தை."